போர்க் கொள்கையைக் கிளைக் கூட்டத்தில் கேள்வி கேட்பது எப்படி: செட்டிநாட்டுக் கட்சித் தொண்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்த செய்தி வந்த வாரத்தில், காரைக்குடிக்கு அருகே இருக்கும் எங்கள் கிளை அவசரமாகக் கூடி ஒரு தீர்மானம் போட்டது. அப்போது நான்தான் கிளைச் செயலாளர். தீர்மானத்தின் முழு வாசகமும் ஒரே வரி: 'ஈழத் தமிழரைக் காக்கத் தவறிய மத்திய அரசை இக்கிளை வன்மையாகக் கண்டிக்கிறது.' கைதட்டல் பலமாகவே இருந்தது. மறுவாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பல கிளைகளிலிருந்து வந்திருந்த தீர்மானங்களை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, "சரி தம்பி, அவங்களை என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாள் அந்த அடுக்கிலேயே தங்கிவிட்டது. மே மாதத்தில் போரும் முடிந்துவிட்டது.

அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய தீர்மானத்தை எழுதுவதும், அதைக் கிளையிலிருந்து நாடாளுமன்றம் வரை கொண்டு சேர்ப்பதும் எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். இது எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று. கிளை, வார்டு, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்ற ஏணி எல்லாக் கட்சிகளிலும் உண்டு. சிலர் வட்டம் என்பார்கள், சிலர் வட்டாரம் என்பார்கள், சிலர் இடைக்குழு என்பார்கள். பெயர் மாறினாலும் தாள் ஏறும் வழி ஏறத்தாழ ஒன்றுதான்.

போருக்கு என்ன விலை என்பதைக் கணக்காகவே அறிந்த வட்டாரம் இது. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் கடல் கடந்து, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன; 1942 மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. அவர்களின் கடை ஊழியர்களான மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு ஊர் திரும்ப வழி தேடினார்கள். போருக்குப் பிறகு, 1948-இல், பர்மா தன் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. பின்னாளில் அங்கிருந்து வந்து குடியேறியவர்களின் நினைவாகக் காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இத்தனை இழப்பிலும் அந்தக் கடைக்காரர்கள் விடாத பழக்கம் ஒன்று உண்டு: எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பேரேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை (மொத்தக் கணக்கின் தொகுப்பு) போட்டுவிடுவார்கள். கோபத்துக்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது. கிளைத் தீர்மானத்தையும் அப்படியே எழுத வேண்டும் என்பது என் கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவையே.

முதல் படி: எதை விமர்சிக்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

'போர்க் கொள்கை' என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. போரில் இறங்கியதோ விலகி நின்றதோ சரியா என்பது ஒன்று. அந்த முடிவை யார், எந்த அதிகாரத்தில், யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்பது இன்னொன்று. முடிவை நடைமுறைப்படுத்திய விதம் மூன்றாவது. அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பது நான்காவது. ஒரே கூட்டத்தில் நான்கையும் கலந்து பேசினால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கை தூக்குவார்கள்; பிறகு யாராவது கேட்டால் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அக்டோபரில் அமைதி காக்கப் போன படையே போரில் இறங்கியது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். ஒப்பந்தத்தை ஆதரித்துக்கொண்டே படை அனுப்பியதை ஒருவர் எதிர்க்கலாம். படை அனுப்பியதை ஏற்றுக்கொண்டே, வேலை இன்னதென்று வரையறுக்காமல் அனுப்பியதை இன்னொருவர் எதிர்க்கலாம். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தமிழருக்கு எதிராகத் திரும்பிய கொள்கையை மறுத்ததற்கான அடையாளம் அது என்பார் ஒரு சாரார். உயிரோடு திரும்பிய சிப்பாயை அவமதித்தது என்பார் இன்னொரு சாரார். அந்த வாதம் இன்னும் தீராமல் இருப்பதற்குக் காரணம், கொள்கைக்கான கண்டனமும் வீரனுக்கான மரியாதையும் அன்று ஒரே செயலில் சிக்கிக்கொண்டதுதான்.

ஆகவே ஒரு தாளை நான்கு பத்தியாக மடித்து, கிளை உறுப்பினர்கள் சொல்லும் ஒவ்வொரு குறையையும் அதற்குரிய பத்தியில் எழுதுங்கள். எந்தப் பத்தி நிரம்புகிறதோ அதுவே உங்கள் தீர்மானம். மற்றவற்றை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தகவலைச் சரிபாருங்கள்

வாட்ஸ்அப்பில் வந்ததை எழுதாதீர்கள் என்று சொல்வது எளிது. அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன். வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கைகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், வெளியுறவுக்கும் பாதுகாப்புக்குமான நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் அறிக்கைகள், ஐக்கிய நாடுகள் அவையின் வாக்குப் பதிவுகள் ஆகிய நான்கும் எவர் கைக்கும் எட்டக்கூடிய பொது ஆவணங்கள்.

வாக்குப் பதிவில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். எதிர்த்து வாக்களிப்பதும் வாக்களிக்காமல் விலகி நிற்பதும் ஒன்றல்ல. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய பொது அவைத் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் எதிர்ப்பு, 35 நாடுகள் விலகல். இந்தியா விலகிய 35-இல் ஒன்று. காஸா குறித்து 2023 அக்டோபர் 27 அன்று இந்தியா விலகி நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்தை ஆதரித்தது. 2025 ஜூன் 12 அன்று மீண்டும் விலகியது. 'இந்தியா போர்நிறுத்தத்தை எதிர்த்து வாக்களித்தது' என்று மேடையில் ஒருவர் முழங்கினால், எதிர்த்தரப்பில் இருக்கும் ஓர் இளைஞன் கைப்பேசியைத் தடவி அரை நிமிடத்தில் உங்கள் கூட்டத்தையே கலைத்துவிடுவான். அவன் செய்வது சரியும்கூட.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, ஓரளவுக்கு உதவும். அதன் 8(1)(அ) பிரிவு நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு சார்ந்த தகவல்களை மறுக்க இடம் தருவதால், படை நகர்வு பற்றியோ தூதரகக் கடிதங்கள் பற்றியோ கேட்டு 10 ரூபாயை வீணாக்க வேண்டாம். போர் நடக்கும் நாட்டிலிருந்து எத்தனை தமிழ்நாட்டவர் மீட்கப்பட்டனர், மீட்பு விமானத்துக்கு எவ்வளவு செலவானது, இறந்தவரின் உடலைக் கொண்டுவரும் நடைமுறை என்ன என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

ஊர்க் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. குவைத்திலும் துபாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், அயல்நாட்டில் மருத்துவம் படிக்கப் போனவர்கள், எல்லையில் பணிபுரிபவர்கள் எத்தனை பேர் உங்கள் வார்டில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். இந்தப் பட்டியலைப் பெயர்களோடு வெளியிட வேண்டாம், எண்ணிக்கை போதும்.

மூன்றாம் படி: சட்டத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு பேச்சுரிமையையும் ஆயுதமின்றிக் கூடும் உரிமையையும் தருகிறது. அதற்கான வரம்புகளில் 'அயல்நாடுகளுடனான நட்புறவு' என்பது 1951-இல் முதல் திருத்தத்தால் வந்தது. 'இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பது சீனப் போருக்கு அடுத்த ஆண்டான 1963-இல் 16-ஆம் திருத்தத்தால் வந்தது. போர்க் கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்களைத் தொடக்கூடிய வரம்புகளில் இவை இரண்டும் முக்கியமானவை என்பதால், ஆண்டோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேதார்நாத் சிங் வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம், அரசின் நடவடிக்கைகளை எவ்வளவு கடுமையான சொற்களால் விமர்சித்தாலும், வன்முறையைத் தூண்டாத வரை அது தேசத்துரோகம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. தேசத்துரோகத்துக்கான பழைய 124அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே 11 அன்று நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இறையாண்மைக்கு ஊறு செய்வதைக் கடுமையாகத் தண்டிக்கிறது. ஆயினும் அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றச் செய்யும் நோக்கத்தோடு தெரிவிக்கும் அதிருப்தி அதற்குள் வராது என்பதை அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. '…என்று மாற்றிக்கொள்ள வேண்டும்' என்ற வினையோடு தீர்மானம் முடிவது உங்களுக்குப் பாதுகாப்பு என்பதை இங்கே கவனியுங்கள். வெறும் 'கண்டிக்கிறோம்' அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை.

தொடக் கூடாத இடங்கள் இரண்டு. படையினர் தம் கடமையிலிருந்து விலக வேண்டும் என்ற தொனியில் ஒரு சொல்லும் வரக் கூடாது. தடை செய்யப்பட்ட எந்த இயக்கத்தையும் ஆதரிப்பதாகப் பேசக் கூடாது. விடுதலைப் புலிகள் 1992 மே முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவர்கள். 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசியதற்காகப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதான வைகோ 19 மாதங்கள் சிறையில் இருந்தார். வெறும் பேச்சளவிலான ஆதரவு, பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாதபோது, குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது உண்மை. ஆனால் அந்த விளக்கம் வரும் வரை சிறையில் இருக்க எல்லோருக்கும் வைகோவின் தாங்குசக்தி இருக்காது.

நான்காம் படி: கூட்டத்தை முறையாகக் கூட்டுங்கள்

கூட்ட அறிவிப்பு எழுத்தில் போக வேண்டும். அதில் 'போர்க் கொள்கை குறித்த தீர்மானம்' என்பது நிகழ்ச்சி நிரலில் தனிப்பொருளாக இருக்க வேண்டும். 'இதர பொருள்' என்ற தலைப்பில் கடைசி நேரத்தில் நுழைத்த தீர்மானத்தை மேல்கமிட்டி நியாயமாகவே திருப்பி அனுப்பிவிடும். குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) எத்தனை என்பதை உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் பாருங்கள்; வந்தவர்களின் கையெழுத்தைக் கூட்டம் தொடங்கும்போதே மினிட் புத்தகத்தில் வாங்கிவிடுங்கள். பேசி முடித்த பிறகு பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

எதிர்த்துப் பேசக்கூடிய ஒருவரையாவது கட்டாயம் அழையுங்கள். எங்கள் கிளையில் பிற்காலத்தில் நடந்த ஒரு கூட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பழைய வீட்டு வளவில், தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வரைவை நான் வாசித்து முடித்ததும், அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய்வந்த ஒரு முன்னாள் ஹவில்தார் எழுந்தார். கையில் இருந்த துண்டை இரண்டு தடவை மடித்தார், பிரித்தார். பிறகு, "தம்பி, எழுதுறதை நல்லா எழுதுங்க. டெல்லிக்காரனைக் கேளுங்க. எங்கூட நின்னு செத்தவனை மட்டும் அதுக்குள்ள இழுக்காதீங்க" என்றார். வரைவின் இரண்டாம் பத்தியில் 'படையின் அத்துமீறல்' என்று பொத்தாம் பொதுவாக ஒரு தொடர் இருந்தது. அதை எடுத்துவிட்டு, எந்த நிகழ்ச்சியை விசாரிக்க வேண்டும் என்கிறோமோ அந்த நிகழ்ச்சியை நாளோடு எழுதி, விசாரணைக் கோரிக்கையாக்கினோம். அவரே அதை வழிமொழிந்தார். முற்றத்தின் மறுபக்கம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டு ஆச்சி, "குவைத்துல இருக்கிற எம் பேரன் வந்து சேர என்ன வழின்னு அதுல ஒரு வரி போடப்பா" என்றார்கள். அதுவும் சேர்ந்தது. நாங்கள் மேலே அனுப்பிய தாள்களில் பதில் வந்த முதல் தாள் அதுதான்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். '18 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு, 3 பேர் நடுநிலை' என்ற குறிப்புக்கு, பொய்யான 'ஒருமனதாக'வைவிட மதிப்பு அதிகம். கட்சியின் மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு எந்த ஊரில் எவ்வளவு கொதிப்பு என்பது அந்த எண்ணிலிருந்துதான் தெரியும்.

ஐந்தாம் படி: வாசகத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் படியைப் படியுங்கள்.

தீர்மானத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: என்ன நடந்தது, யார் முடிவெடுத்தார், அதற்கு அவர் சொன்ன காரணம் என்ன, அந்தக் காரணத்தை நாம் ஏன் ஏற்கவில்லை, இனி யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எதிராளியின் வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாதிரிக்கு ஒன்று:

'2025 ஜூன் 12 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவையில், காஸாவில் உடனடியான, நிபந்தனையற்ற, நிரந்தரமான போர்நிறுத்தத்தைக் கோரிய தீர்மானத்துக்கு 149 நாடுகள் ஆதரவாகவும் 12 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, இந்தியா உள்ளிட்ட 19 நாடுகள் விலகி நின்றன. உரையாடலும் தூதரக முயற்சியுமே மோதலைத் தீர்க்கும் வழி என்று இந்திய அரசு தன் வாக்கு விளக்கத்தில் கூறியது. 2023 டிசம்பர் 12 அன்று அதே அவையில் போர்நிறுத்தத்தை ஆதரித்தபோதும் உரையாடலே வழி என்ற நிலைப்பாடு இருந்தது என்பதால், அது இம்முறை விலகி நின்றதற்குப் போதிய காரணமாக இக்கிளைக்குத் தோன்றவில்லை. இந்த மாற்றத்துக்கான காரணத்தை வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் விளக்க வேண்டும் என்றும், அந்த வட்டாரத்தில் பணிபுரியும் தமிழ்நாட்டவரை மீட்பதற்கான நடைமுறையைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்றும், இக்கோரிக்கைகளை அடுத்த கூட்டத்தொடரில் எழுப்பக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவுக்கு மாவட்டக் குழு பரிந்துரைக்க வேண்டும் என்றும் இக்கிளை கேட்டுக்கொள்கிறது.'

இதில் 'வன்மையாக' இல்லை. ஆனால் படித்தவர் பதில் சொல்லாமல் நகர முடியாது. 'இந்திய அரசு' என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒன்றிய அரசு என்பது எனக்கும் உவப்பான சொல்தான். ஆனால் அதே தாளில் ஒன்றியச் செயலாளரும் வரும்போது, நம் ஊராட்சி ஒன்றியம் எப்போது ஐ.நா.வில் வாக்களித்தது என்று கேட்கும் குறும்பர் எல்லாக் கிளையிலும் ஒருவர் இருப்பார்.

ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு 2003 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றிய இராக் தீர்மானமே சான்று. அமெரிக்கப் படையெடுப்பைக் கண்டிக்க வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். வருந்தினால் போதும் என்றது வாஜ்பாய் அரசு. கடைசியில் 'நிந்தா' என்ற இந்திச் சொல்லில் இரு தரப்பும் சந்தித்தன: கண்டனம் என்று ஒருவர் படிக்கலாம், வருத்தம் என்று மற்றவர் படிக்கலாம். கெட்டிக்காரத்தனமான சமரசம்தான், ஆனால் அது அவைகளுக்கு உரியது. அந்தத் தீர்மானத்தைவிடப் பயனுள்ள முடிவு அதே ஆண்டு ஜூலை 14 அன்று வந்தது. இராக்குக்கு இந்தியப் படை வேண்டும் என்ற அமெரிக்காவின் கோரிக்கையை, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லை என்று சொல்லி, அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு மறுத்தது. அன்று படை அனுப்பக் கூடாது என்று குரல் எழுப்பியவர்கள் கேட்டது 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒன்றை. அத்தகைய கோரிக்கையையே கிளையும் எழுத வேண்டும்.

ஒரே வரியில் எழுதவே கூடாதா என்றால், எழுதலாம். 1939-இல் இந்தியர் எவரையும் கேட்காமல் வைசிராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கியபோது, ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1940 அக்டோபர் 17 அன்று வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். சத்தியாக்கிரகி தான் பேசப்போகும் இடத்தையும் நேரத்தையும் அதிகாரிகளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, 'பிரிட்டனின் போர் முயற்சிக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கைதாவார். யார், எதை, செய்யக் கூடாது என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. என் 2009-ஆம் ஆண்டு வரியில் அது இல்லை.

நம் வட்டாரத்துப் பேச்சாளர்கள் போர் என்றதும் 1942 ஆகஸ்டைத்தான் எடுப்பார்கள்: தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, திருவாடானைச் சிறை உடைந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தத் தியாகத்தைப் பேசட்டும். ஆனால் கிளைத் தீர்மானம் எழுத உட்காரும்போது 1940-ஐ எடுத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: தாளை மேலே ஏற்றுங்கள்

கிளை, நகரம் அல்லது ஒன்றியம், மாவட்டம், மாநிலச் செயற்குழு என்ற வரிசையில் படி தாண்டாமல் அனுப்புங்கள். ஒவ்வொரு படியிலும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நேரே தலைமைக்கு அனுப்பினால் மாவட்டச் செயலாளருக்கு வருத்தம் வரும். அந்த வருத்தம் உங்கள் அடுத்த மூன்று தீர்மானங்களையும் விழுங்கும்.

நாடாளுமன்ற உறுப்பினரை அணுகும்போது அவரால் எது முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பிரிட்டனில் 2003 மார்ச் 18 அன்று, இராக் போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை ஆதரித்து, ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தங்கள் பிரதமருக்கு எதிராகவே வாக்களித்தார்கள். அவர்களில் யாரும் அதனால் அவை உறுப்பினர் பதவியை இழக்கவில்லை. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான ராணுவ நடவடிக்கைக்கு ஆதரவு கேட்ட தீர்மானத்தை அதே அவை 285-க்கு 272 என்ற கணக்கில் தோற்கடித்தது. அங்கே தொகுதிக் கட்சிக் கிளை தன் உறுப்பினரை 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று நெருக்குவதில் பொருள் இருக்கிறது. இங்கே 1985-இல் வந்த பத்தாம் அட்டவணையின்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா ஆணையை மீறி வாக்களிப்பவர், 15 நாட்களுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால், பதவியை இழக்க நேரும். போர் தொடங்குமுன் நாடாளுமன்ற வாக்கெடுப்பு வேண்டும் என்றும் நம் அரசமைப்பில் எந்த உறுப்பும் சொல்லவில்லை.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், நம் நாட்டில் போர்க் கொள்கையைத் தடையின்றி வாதிடும் இடம் கட்சிக்குள்தான் இருக்கிறது. கொறடா ஆணை எழுதப்படும் முன்பே அந்த வாதம் நடந்து முடிய வேண்டும். கிளைக் கூட்டம் அதன் முதல் படி. உறுப்பினரிடம் வாக்கைக் கேட்காதீர்கள், கேள்வியைக் கேளுங்கள். நாடாளுமன்றக் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டவுடன் கேள்வியின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். அமைச்சகத்தின் செலவுக்கான மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்: கொள்கையையே மறுப்பதானால் ஒதுக்கீட்டை 1 ரூபாயாகக் குறைக்கவும், குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டுவதானால் 100 ரூபாய் குறைக்கவும் கேட்பது மரபு. அது நிறைவேறாது, ஆனால் அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகியவற்றோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்திருப்பதால், இரண்டு மாவட்டக் கிளைகளும் ஒரே வாசகத்தைக் கொண்டுபோனால் உறுப்பினர் நிமிர்ந்து பார்ப்பார். டெல்லிக்கு நேரே எழுதுவதானால் தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரி, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பிக்க அரசமைப்பின் 350-ஆம் உறுப்பு உரிமை தருகிறது.

ஏழாம் படி: தெருவுக்கு வருவது

தெருமுனைக் கூட்டமோ பொதுக்கூட்டமோ நடத்தக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்ப் பயன் குறைவு. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் கூட்டம் போடுகிறவர்கள் பேருந்து நெரிசலையும் பள்ளித் தேர்வு நாட்களையும் பார்த்துத் தேதி வையுங்கள். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்கட்டும். தேர்தல் காலத்தில் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவுப்படி கட்டாயம். படைவீரர் படத்தை ஃபிளக்ஸில் போடாதீர்கள். தேர்தல் பரப்புரையில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-இலும் 2019-இலும் அறிவுறுத்தியிருக்கிறது; தேர்தல் இல்லாத நாளிலும் அது நல்ல பழக்கம்.

கிராம சபையில் இத்தீர்மானத்தைக் கொண்டுவரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சட்டத்தில் கதவு அடைக்கப்படவில்லை என்றாலும், தெருக்குழாயும் நூறுநாள் வேலைப் பாக்கியும் பேசவேண்டிய நாளில் காஸாவைப் பேசினால் ஊர் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளும். நான் செய்ய மாட்டேன்.

எட்டாம் படி: நம் படையே களத்தில் இருக்கும்போது

இதுதான் கடினமான நேரம். சிவகங்கையை அடுத்த இலுப்பைக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் சீருடை காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் வாயை மூடிக்கொள்வதே தேசபக்தி என்பார்கள். 1962-இல் அப்படி நடக்கவில்லை. சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் நவம்பர் 8 அன்று கூடியது. மக்களவையில் 165 பேர் பேசினார்கள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகியது சண்டை ஓயும் முன்பே. அவர் விலக வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களில் ஆளுங்கட்சியினரே பலர்.

ஆனாலும் களத்தில் குண்டு வெடிக்கும் வாரத்தில் கிளை கேட்க வேண்டியது இரண்டுதான்: நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள், எல்லைப்புற மக்களுக்கும் அயல்நாட்டில் சிக்கியவர்களுக்கும் செய்திருப்பதைச் சொல்லுங்கள். மற்றவற்றைச் சண்டை நின்ற பிறகு விசாரணைக் கோரிக்கையாக எழுதலாம். கார்கில் போர் முடிந்த சில நாட்களிலேயே, 1999 ஜூலை 29 அன்று, கே. சுப்ரமணியம் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 'கார்கிலுக்கு அமைத்ததைப் போல இதற்கும் ஒரு குழு' என்று கேட்கும்போது முன்னுதாரணம் உங்கள் பக்கம் இருக்கும்.

ஒன்பதாம் படி: பற்று வரவை முடியுங்கள்

மினிட் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஐந்து பத்தி கோடு போடுங்கள்: தீர்மானத் தேதி, யாருக்கு அனுப்பியது, ஒப்புகை எண், வந்த பதில், அடுத்து செய்தது. அஞ்சல் ஒப்புகையை அந்த வரியின் ஓரத்திலேயே இணைத்துவிடுங்கள்; பசை வேண்டாம், தாளைக் கரையான் அரிக்கும், குண்டூசி போதும். மாதக் கூட்டம் தொடங்கும்போது, முந்தைய கூட்டக் குறிப்பை வாசித்த கையோடு இந்தப் பக்கத்தையும் வாசியுங்கள். நான்காம் பத்தி மூன்று மாதம் காலியாக இருந்தால் நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். அதன் தேதியை ஐந்தாம் பத்தியில் எழுதுங்கள். செயலாளர் மாறும்போது புதியவரிடம் முதலில் கையெழுத்து வாங்க வேண்டியதும் இந்தப் பக்கத்தில்தான்.